உள்ளூர்ப் பெயர்

படிவத்தில் நான்காவது கட்டம்: உள்ளூர்ப் பெயர்.
தேவிபட்டினத்துக்கு மேற்கே தகரக் கெளுத்தி என்றார்கள்.
திருப்புல்லாணி விலக்கில் டேங்க் கிளீனர்.
பனைக்குளத்தில் ஒரு பையன்
"பேரெல்லாம் இல்லை,
வலையைக் கிழிக்கிற சனியன்னு எழுதிக்கங்க" என்றான்.
எழுதினேன். கட்டம் சிறியது,
சனியன் மட்டும்தான் கொண்டது.

கெளுத்தி என்றால் நமக்கு மீசை, வழவழப்பு,
புளி தூக்கலாக ஒரு கொதி.
இதற்கு ஓடு.
முதுகில் பாய் விரித்த மாதிரி துடுப்பு,
வயிற்றில் யாரோ பேனா எழுதுகிறதா என்று
கிறுக்கிப் பார்த்த கோடுகள்.
கத்தி வழுக்கும்.
பூனை மோந்துவிட்டுப் போய்விடும்.

மூன்று வாரம். வண்டி என்னுடையது,
வீச்சுவலை நம்புக்குமாருடையது.
மீன் இருந்தால் கரும்புள்ளி, இல்லையென்றால் வெறும் வட்டம்.
பத்து வீச்சு வீசியும் வராவிட்டால்தான் வட்டம்.
இருக்கிறது என்று சொல்வதைவிட
இல்லை என்று சொல்ல அதிகம் நனைய வேண்டும்.

சில வட்டங்களை நான் நம்பவில்லை.
கண்மாயின் மீன்பாசியைக் குத்தகைக்கு எடுத்தவர்
கரையிலேயே நிறுத்தி, கலர் உடைத்துக் கொடுத்து,
"இங்க ஒண்ணுகூட இல்லம்மா" என்றார்.
அவர் காலடியில், சீமைக் கருவேல முள்ளுக்குள்
காய்ந்த ஓடு ஒன்று வாய் பிளந்து கிடந்தது.
(கருவேலமும் வந்ததுதான்.
இப்போது அதற்கு ரேஷன் கார்டு ஒன்றுதான் பாக்கி.)
அடுத்த வாரம் மறு ஏலம்.
நான் ஓட்டைப் பார்த்ததை அவர் பார்த்தார்.
கலர் தீர்ந்தது.

அலுவலகத்தில் புள்ளிகளை வைகையின் மேல் வைத்துப் பார்த்தார்கள்.
மதகு வழி, கால்வாய் வழி, வெள்ளம் வந்த வழி.
பாதி பொருந்தியது.
மீதி
வரத்துக்கால் இல்லாத ஊருணிகளில் கிடந்தது,
வேலி போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கும்
குடிதண்ணீர் ஊருணிகளில்.
மழையைத் தவிர எதுவும் உள்ளே வராது என்று
ஊரே சத்தியம் பண்ணியது.

சித்தார்கோட்டைப் பக்கம் ஒரு தள்ளுவண்டி, ஏழு குடம்.
தள்ளிக்கொண்டு போன முத்திருளாயி
கேள்வியை முழுசாகக் கேட்கக்கூட இல்லை.
"மழை ஏமாத்துன வருசம்
லாரியில கொண்டாந்து ஊத்துனாகள்ல,
அந்தத் தண்ணியில வந்திருக்கும்."
நிற்கவில்லை. வண்டிக்கு இறக்கம்.

அன்றிரவு விடுதியில்
நீலக் கோடுகளை விட்டுவிட்டு
டேங்கர் போன சாலைகளைச் சிவப்பில் இழுத்தேன்.
புள்ளிகள் ஒவ்வொன்றாக,
பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் போல,
கோட்டோரம் வந்து நின்றன.
மின்விசிறி தாளைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
ஒரு குடத்தை மேலே வைத்துவிட்டுப் படுத்தேன்.

கடைசி நாள் ஆற்றங்கரை.
வைகை கடலைத் தொடும் இடம் என்கிறது வரைபடம்.
பல மாதம் மணல்தான் தொடுகிறது.
உப்புமானி பதினொன்று காட்டியது,
இதற்கு மேல் தாங்காது என்று படித்திருந்தேன்.
ஓலைப் பந்தலடியில் சகுபர் வலை பொத்திக்கொண்டிருந்தார்.
"வெள்ளன எடுத்துப் போட்டேன். அந்தா கிடக்கு."
மணி நாலரை.
தொட்டேன். செவுள் திறந்தது.

வாளியில் கரைசல் தயார். விதி அப்படி.
நம்புக்குமார் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.
ஓட்டில் ஒட்டிய மணலை விரலால் துடைத்துவிட்டேன்,
ஏனென்று கேட்டால் தெரியாது,
பிறகு உள்ளே விட்டேன்.
மூடி கொஞ்ச நேரம் தட்டியது.

நீளம் முப்பத்தொரு சென்டிமீட்டர். பெண். சினை.
"இதுக்கு இங்க என்ன பேரு சொல்றீக?"
சகுபர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.
"இன்னிக்குத்தான பாக்கேன்.
ஒரு நாலு நாள் கழிச்சு வாங்க."

நான்காவது கட்டத்தைக் காலியாக விட்டேன்.